குளிர் நாட்டில் முதல் பிள்ளை: கருத்தரிக்கும் முன்பிருந்தே என்னென்ன பார்க்க வேண்டும்?

வைகைக்கரை | செப்டம்பர் 14, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்துச் சட்பரி, டொராண்டோவுக்கு வடக்கே நானூறு கிலோமீட்டர். சொந்த ஊர் மேலூர் பக்கம். பி.ஆர். (நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை) வாங்கி வந்து இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு வயது 30. அடுத்த வருடம் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று நானும் கணவரும் பேசி வைத்திருக்கிறோம்.

போன ஜனவரியில் ஒரு நாள் மைனஸ் 34. பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் நின்றதற்கே கண் இமையில் ஐஸ் கட்டிவிட்டது. அங்கே நின்றபோதுதான் முதல் தடவையாகப் பயம் வந்தது. இந்தக் குளிரில் பச்சைப் பிள்ளையை எப்படி வெளியே தூக்கிக்கொண்டு போவார்கள்?

"ஏழாம் மாசமே கிளம்பி வந்துரு. வளைகாப்பு போட்டு, இங்கயே பெத்து, அஞ்சாறு மாசம் கழிச்சுப் பிள்ளையத் தூக்கிட்டுப் போ" என்கிறார் அம்மா. கணவருக்கு இங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணம். எங்களுக்கு இன்னும் ஃபேமிலி டாக்டர் கிடைக்கவில்லை. ஊரில் தெரிந்த தமிழ்க் குடும்பம் நாலு, அதில் யார் வீட்டிலும் கைக்குழந்தை இல்லை. எண்ணெய்க் குளியல், சாம்பிராணி, தூளி எல்லாம் இங்கே நடக்குமா? கருத்தரிக்கும் முன்பே செய்ய வேண்டியது என்ன? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


தாமிரபரணி | செப்டம்பர் 15, காலை 6:15

வைகைக்கரை, பதினோரு வருடமாக ஒன்டாரியோவில் பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். நீங்கள் முன்கூட்டியே கேட்டதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். எங்களிடம் வருகிற நம் பெண்களில் முக்கால்வாசிப் பேர் நாள் தள்ளிப்போன பிறகுதான் கேட்கிறார்கள். அப்போது சில கதவுகள் மூடிவிட்டிருக்கும்.

முக்கியமான கதவு தடுப்பூசி. உங்களுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதா என்று அம்மாவிடம் கேளுங்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய கதையெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கும். நம்முடையது போன்ற வெப்ப நாடுகளில் சின்னம்மை வளர்ந்த பிறகு வருவது குளிர்நாடுகளைவிட அதிகம். அதனால் நோயும் வராமல், ஊசியும் போடாமல் முப்பது வயதில் இங்கே வந்து இறங்குகிற பெண்கள் பலர். கர்ப்பத்தில் வந்தால் தாய்க்கு நிமோனியா வரைக்கும் போகலாம், பிள்ளைக்கும் ஆபத்து. ரூபெல்லாவும் அப்படித்தான். இரண்டுக்கும் எதிர்ப்பு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இல்லையென்றால் ஊசி. இவை உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசிகள் என்பதால் கர்ப்பத்தில் போடவே கூடாது. போட்ட பிறகும் ஒரு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். சின்னம்மைக்கு இரண்டு டோஸ், நடுவில் சில வாரம் இடைவெளி. கணக்குப் போட்டால் மூன்று மாதம் ஓடிவிடும். அதனால் இதை முதலில் முடியுங்கள்.

அந்த மூன்று மாதமும் ஃபோலிக் ஆசிட் 0.4 மில்லிகிராம் உள்ள மல்டிவைட்டமின் தினம் ஒன்று. பிள்ளையின் முதுகுத்தண்டு கருத்தரித்த முதல் நாலு வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. மாத்திரை அதற்கு முன்பே உடம்பில் இருக்க வேண்டும் என்பதால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

ரத்தம் எடுக்கும்போதே ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்துவிடுங்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். உங்களுக்கு இருந்தால் கணவருக்கும் பார்ப்பார்கள்.

ஃபேமிலி டாக்டர் இல்லையென்று முடங்கிவிட வேண்டாம். ஊசிக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் வாக்-இன் கிளினிக், நர்ஸ் பிராக்டிஷனர் போதும். ஒன்டாரியோவில் மிட்வைஃப்களிடம், அதாவது படித்துப் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளிடம், நீங்களே நேராகப் பதியலாம், டாக்டர் கடிதம் தேவையில்லை. 1994 முதல் அவர்கள் உரிமம் பெற்றவர்கள், செலவை மாகாணமே ஏற்கிறது. ஆஸ்பத்திரியிலேயே பிரசவம் பார்ப்பார்கள். பிறகு முதல் சில நாட்களுக்கு வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பார்கள். மைனஸ் முப்பதில் நாலு நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடாமல் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று அப்போது தெரியும். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். பரிசோதனைக் குச்சியில் இரண்டு கோடு தெரிந்த அன்றே கூப்பிடுங்கள்.


கரிசல்காட்டான் | செப்டம்பர் 15, மதியம் 12:50

ஊருக்குப் போய்ப் பெறுவது பற்றி ஒரு விஷயம். நீங்கள் இருவரும் பி.ஆர்., குடிமக்கள் இல்லை. இங்கே பிறந்தால் பிள்ளை பிறவியிலேயே கனடியக் குடிமகன். ஊரில் பிறந்தால் அது தானாகப் பி.ஆர். ஆகாது. ஸ்பான்சர் செய்து, விசா வந்து, அதன் பிறகுதான் கூட்டி வர முடியும். என் தங்கை பிள்ளையோடு மாதக்கணக்கில் அங்கே, மச்சான் தனியாக இங்கே என்று இருந்தார்கள். அம்மாவின் ஆசையைத் தட்டச் சொல்லவில்லை. அம்மாவை இங்கே கூட்டி வரும் வழியைப் பாருங்கள்.


வைகைக்கரை | செப்டம்பர் 15, இரவு 10:05

தாமிரபரணி அக்கா, அம்மாவிடம் கேட்டேன். எனக்கு அம்மை போட்டதே இல்லையாம், அண்ணனுக்கு மட்டும்தானாம். இந்த வாரமே போய்ப் பார்க்கிறேன். கரிசல்காட்டான் அண்ணா சொன்ன குடியுரிமை விஷயம் எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. நன்றி.

இன்னொன்று: போன குளிர்காலம் முழுக்க எனக்குக் கை கால் அசதி. வைட்டமின் டி குறைவாக இருக்கலாம் என்றார்கள். வெயில் அடிக்கிற நாட்களில் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தேன், அப்படியும் குறையுமா?


தாமிரபரணி | செப்டம்பர் 16, காலை 6:30

குறையும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை உள்ளே விடாது. வெளியே நின்றாலும் குளிர்காலத்தில் பலன் இல்லை. 1988இல் வந்த ஓர் ஆய்வில் பாஸ்டனில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, எட்மன்டனில் அக்டோபர் முதல் மார்ச் வரை, வெயிலால் தோலில் வைட்டமின் டி உண்டாவதே இல்லை என்று கண்டார்கள். சட்பரி இரண்டுக்கும் நடுவில். நம் தோல் கறுப்பு, அதற்கு வெயில் இன்னும் கூடுதலாக வேண்டும். கர்ப்பத்தில் 600 யூனிட் என்பது இங்குள்ள பொதுக் கணக்கு. உங்களுக்கு எவ்வளவு என்பதை ரத்தம் பார்த்துச் சொல்வார்கள். பிள்ளை பிறந்த பிறகு, தாய்ப்பால் மட்டும் குடிக்கிற வரைக்கும் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து. முலைக்காம்பில் ஒரு சொட்டு விட்டுப் பால் கொடுத்தால் போதும்.


நல்லூர்வீதி | செப்டம்பர் 17, மாலை 7:20

தங்கச்சி, நான் ஸ்கார்பரோவில் இருக்கிறன், மூன்று பிள்ளைகளின் தாய். இப்போது பேரப்பிள்ளையும் உண்டு. எங்கள் ஊரில் சின்னம்மையைக் கொப்புளிப்பான் என்போம். தாதி சொன்னது மெத்தச் சரி, அதை முதலில் பாருங்கோ.

என்னுடைய மூத்தவன் பிறந்த கதையைச் சொல்கிறேன். அப்போது நாங்கள் மொன்றியலில். 1998 ஜனவரி, அவன் பிறந்து பத்தொன்பதாம் நாள். ஐஸ் மழை என்று ஒன்று பெய்தது. மழையாக விழும், விழுந்த இடத்தில் கண்ணாடியாக உறையும். கரண்ட் கம்பியெல்லாம் அறுந்து, கியூபெக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருளில். இரவு மரக்கிளைகள் முறிந்து விழும் சத்தம் வெடிச்சத்தம் மாதிரியே இருந்தது. நானும் இவரும் ஒரு வார்த்தை கதைக்காமல் பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு உள்சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டோம். ஊரில் பழகின பழக்கம்.

வீடு குளிர்ந்துகொண்டே போனது. பிள்ளைக்கு நாலு போர்வை சுற்றினேன், அப்படியும் கால் சில்லென்று இருந்தது. கீழ் வீட்டில் ஒரு பிரெஞ்சுக்கார அம்மா, எழுபது வயதிருக்கும், மெழுகுதிரியோடு மேலே வந்தா. அவவின் பாஷை எனக்கு விளங்காது. போர்வைகளைக் கழற்றினா, என்னுடைய சுவெட்டரின் பித்தானைக் கழற்றினா, டயப்பரோடும் தொப்பியோடும் பிள்ளையை என் நெஞ்சுத் தோலில் வைத்து, இரண்டு பேரையும் சேர்த்து மூடிவிட்டா. கால் மணி நேரத்தில் பிள்ளையின் கால் சூடேறியது. அன்றிரவு நானும் இவரும் மாறி மாறி விழித்திருந்து அப்படியே வைத்திருந்தோம். இவர் பார்பெக்யூ அடுப்பை உள்ளே கொண்டுவந்து மூட்டுவோமா என்று கேட்டு அடுப்பைக் காட்டினதும், அந்த அம்மா இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்துக்கொண்டு நின்றா. அந்த வாரம் அப்படி உள்ளே அடுப்பு மூட்டிப் புகை வாயுவில் செத்தவர்கள் உண்டு என்று பிறகுதான் அறிந்தோம்.

எனவே தங்கச்சி, வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று இப்போதே பாருங்கோ. கரண்ட் போனால் எந்த வீட்டுக்குப் போவது என்று இப்போதே பேசி வையுங்கோ. பத்தியக்கறிச் சரக்கை நான் அரைத்து அனுப்புகிறேன்.


கரிசல்காட்டான் | செப்டம்பர் 18, இரவு 11:15

நல்லூர்வீதி அக்கா எழுதியதைப் படித்துவிட்டு எழுந்துபோய் எங்கள் அலாரத்தை அமுக்கிப் பார்த்தேன். பேட்டரி இல்லை. மாற்றிவிட்டேன்.

நான் வின்னிபெக். எங்கள் மகள் பிறந்தது பிப்ரவரியில், வெளியே மைனஸ் 32. அப்பாக்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன், பெரும்பாலும் கார் சம்பந்தப்பட்டதுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிப்போகும் நாளுக்காகக் கரடிப் பொம்மை மாதிரி பருமனான ஒரு குளிர் உடுப்பு வாங்கி வைத்திருந்தோம். அதைப் போட்டுத்தான் கார் சீட்டில் வைத்துப் பட்டையை இறுக்கினேன். நர்ஸ் ஒருவர் வந்து பட்டையை மாற்றாமல் பிள்ளையை வெளியே எடுக்கச் சொன்னார். உடுப்பைக் கழற்றி, அதே பட்டை அளவில் மறுபடி உட்கார வைக்கச் சொன்னார். தோளுக்கும் பட்டைக்கும் நடுவே என் நாலு விரல் போனது. விபத்து நடந்தால் உடுப்பில் இருக்கும் காற்றெல்லாம் அமுங்கி இந்த இடைவெளிதான் மிஞ்சும், பிள்ளை பட்டையிலிருந்து நழுவிவிடும் என்றார். அந்த நாலு விரலை நான் மறக்கவே மாட்டேன். மெல்லிய உடுப்பு போட்டு, பட்டையை நெஞ்சோடு இறுக்கி, அதற்கு மேல் போர்வை. கார் சூடானதும் போர்வையை விலக்கிவிட வேண்டும்.

காரை முன்கூட்டியே சூடாக்குங்கள், ஆனால் மூடிய கராஜுக்குள் வேண்டாம். பனி கொட்டிய நாளில் புகைக்குழாய் வாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். என்ஜின் உறையாமல் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டர் இருந்தால் கடைசி மாதம் தினம் இரவு செருகி வையுங்கள், வலி எப்போது எடுக்கும் என்று சொல்ல முடியாது.

ஊரிலிருந்து கார் சீட் கொண்டுவர வேண்டாம். மேப்பிள் இலை உள்ள கனடா பாதுகாப்பு முத்திரை இருப்பதைத்தான் இங்கே பயன்படுத்தலாம். நடைவண்டியும் வேண்டாம். சக்கரம் வைத்து, நடுவில் பிள்ளையை உட்கார வைக்கும் அந்த வாக்கர் 2004 முதல் இங்கே தடை.


மலைக்கோட்டைஆச்சி | செப்டம்பர் 20, காலை 10:30

கண்ணு, நான் திருச்சி. பேத்தி பிறந்தபோது ஆட்டவாவுக்கு வந்து ஒன்பது மாதம் இருந்தேன். மருமகன் சூப்பர் விசா எடுத்துக் கொடுத்தார். ஒரு தடவை வந்தால் ஐந்து வருடம் வரை தங்கலாமாம். ஒரு லட்சம் டாலருக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும், என் வயதுக்கு அதற்கு நல்ல செலவு. உங்கள் அம்மாவுக்கு இப்போதே விசாரியுங்கள்.

நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன், உங்கள் அம்மாவிடமும் சொல்லுங்கள். வந்தபோது ஜனவரி மாதம். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் எல்லாம் வெள்ளை. பார்க்கும்போதே எனக்கு நடுங்கும். பிள்ளைக்கு உள்சட்டை, மேல்சட்டை, கம்பளிச் சட்டை, தலைக்குக் குல்லா, காலுக்கு இரண்டு சாக்ஸ், மேலே பருத்திச் சேலையை மடித்து ஒரு சுற்று, அதற்கு மேல் போர்வை. மகள் வேண்டாம் என்றால் "பச்ச ஒடம்பு, ஒனக்குத் தெரியாது" என்று அதட்டுவேன். பிள்ளை விடாமல் சிணுங்கிக்கொண்டே இருந்தாள். வயிற்று வலி என்று நினைத்து ஓம வாட்டர் கேட்டேன்.

நாலாம் நாள் குளிப்பாட்ட உரித்துப் பார்த்தால் கழுத்து மடிப்பிலும் முதுகிலும் பொரிப் பொரியாகச் சிவந்து கிடக்கிறது. வேர்க்குரு! வெளியே மைனஸ் 28, என் பேத்தி முதுகில் சித்திரை மாதத்து வேர்க்குரு. கையில் எண்ணெயோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்குள் ஹீட்டர் 25 டிகிரியில் ஓடுகிறது, அதை நான் யோசிக்கவே இல்லை. குளிர் கண்ணாடிக்கு வெளியேதான் இருந்தது.


தாமிரபரணி | செப்டம்பர் 20, இரவு 8:45

ஆச்சி, இதை எழுதியதற்கு உங்களுக்குக் கோடி நன்றி. நானும் அதையேதான் சொல்ல நினைத்தேன். குளிர் நாட்டில் வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைக்கு நான் அதிகம் பயப்படுவது சூட்டுக்குத்தான். அதிகமாகப் போர்த்துவது, தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோவதற்கான காரணிகளில் ஒன்று.

அறை 20 முதல் 22 டிகிரி போதும். நம் உடம்புக்கு எத்தனை உடுப்போ அதற்கு மேல் ஒன்று, அவ்வளவுதான். தூங்கும்போது தனிப் போர்வை, தலையணை, குல்லா எதுவும் வேண்டாம். கையில்லாத சாக்குப் பை மாதிரி ஸ்லீப் சேக் என்று விற்கிறார்கள், அதற்குள் விட்டு மல்லாக்கப் படுக்க வைத்தால் போதும். கையும் காலும் சில்லென்று இருப்பது பிறந்த பிள்ளைக்கு இயல்பு, அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிடரியில் இரண்டு விரலை வையுங்கள். வெதுவெதுப்பாக, ஈரமில்லாமல் இருந்தால் சரி. வேர்த்திருந்தால் ஒரு உடுப்பைக் கழற்றுங்கள்.


காவேரிப்பாய்ச்சல் | செப்டம்பர் 21, மதியம் 3:10

மல்லாக்க, தட்டையான மெத்தை, தனித் தொட்டில் எல்லாம் சரி. ஆனால் நாம் அத்தனை பேரும் சேலைத் தூளியில் தூங்கி வளர்ந்தவர்கள்தானே? என் மகன் அந்தக் கட்டிலில் பத்து நிமிடம்கூடத் தூங்க மாட்டான். ஊரிலிருந்து ஸ்பிரிங் தூளி வரவழைத்துப் போட்டோம், அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி. எல்லாவற்றையும் ஆபத்து என்றால் தாய் எப்போதுதான் தூங்குவது?


தாமிரபரணி | செப்டம்பர் 21, இரவு 9:00

உங்கள் அலுப்பு எனக்குப் புரிகிறது, என் மூத்தவளும் அப்படித்தான். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். தூளியில் முதுகு வளைகிறது, முகவாய் நெஞ்சில் முட்டுகிறது. கழுத்து நிற்காத பிள்ளைக்கு அதில் மூச்சுக்குழல் மடங்கலாம், துணியும் முகத்தோடு ஒட்டலாம். ஊரில் தூளிக்குப் பக்கத்தில் பகலெல்லாம் யாராவது ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். இங்கே கதவைச் சாத்திவிட்டு நாமும் தூங்கிவிடுகிறோம். மடியில் போட்டு ஆட்டித் தாலாட்டுப் பாடுங்கள், கண் செருகியதும் மெத்தைக்கு மாற்றுங்கள். இரவில் கணவரும் நீங்களும் முறை வைத்துத் தூங்குங்கள்.


வடமுனை | செப்டம்பர் 23, மாலை 5:55

நோர்வேயிலிருந்து எழுதுகிறேன், ட்ரோம்சோ. என் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஃபின்மார்க்கில் மீன் ஆலையில் வேலை செய்தவர்கள். நான் இங்கேயே வளர்ந்தேன். எங்கள் ஊரில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழாது.

இங்கே பகல் தூக்கத்துக்குப் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்து வெளியே விடுவார்கள். அம்மாவுக்கு இது கடைசி வரை பிடிக்கவில்லை. ஆனால் நானும் இரண்டு பிள்ளைகளையும் அப்படித்தான் தூங்க வைத்தேன், மைனஸ் பத்துக்குக் கீழே போனால் உள்ளே. உடுப்பில் ஒரே விதி: தோலை ஒட்டிக் கம்பளி, பருத்தி வேண்டாம். பருத்தி வேர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், பிறகு அந்த ஈரமே குளிரும். மெல்லிய மெரினோ கம்பளி ஈரமானாலும் சூட்டை விடாது, அரிக்கவும் அரிக்காது. பழைய உடுப்பாகவே வாங்கலாம், இரண்டு மூன்று பிள்ளைகளுக்குத் தாங்கும்.

பிள்ளை பிறந்த பத்து நாளுக்குள் சுகாதார நிலையத்திலிருந்து தாதி வீட்டுக்கு வருவார். அதே சமயத்தில் பிரசவித்த அக்கம்பக்கத்துத் தாய்மாரை ஒரு குழுவாகச் சேர்த்துவிடுவார்கள். இருட்டுக் காலத்தில் அந்தக் குழுதான் எனக்குச் சூரியன். சட்பரியில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.


மார்கழிநிலா | செப்டம்பர் 24, இரவு 1:30

இதைப் பலமுறை எழுதி அழித்திருக்கிறேன்.

எனக்குப் பிள்ளை பிறந்தது டிசம்பரில். கணவர் மூன்றாம் வாரமே வேலைக்குப் போய்விட்டார். மாலை நாலரைக்கு இருட்டிவிடும். பால் கொடுப்பேன், துணி மடிப்பேன், ஜன்னல் வழியாக எதிர்வீட்டு கார் மேல் பனி ஏறுவதைப் பார்ப்பேன். பதினேழு நாள் வாசற்படி தாண்டவில்லை என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். அம்மாவிடம் வீடியோவில் சிரிப்பேன், வைத்ததும் அழுவேன். ஒரு நாள் பிள்ளை அழுதுகொண்டே இருந்தான், எழுந்து தூக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்றுதான் பயந்தேன்.

ஆறாம் வாரப் பரிசோதனையில் மனநிலை பற்றிப் பத்துக் கேள்வி உள்ள ஒரு தாள் கொடுத்தார்கள். முதல் முறை எல்லாவற்றுக்கும் நன்றாக இருக்கிறேன் என்று குறித்துவிட்டு, எழுந்து கதவு வரை போய், திரும்பி வந்து தாளை வாங்கி உண்மையைக் குறித்தேன். மருந்தும் பேச்சு சிகிச்சையும் சேர்த்து எட்டு மாதம். இப்போது நன்றாக இருக்கிறேன், மகனும் நன்றாக இருக்கிறான்.

வைகைக்கரை, உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: விடுமுறையைப் பங்கு போடலாம். தாய்க்கு 15 வாரம், அதன் பிறகு பெற்றோர் விடுமுறை ஒருவருக்கு 35 வாரம். இருவரும் பிரித்து எடுத்தால் 5 வாரம் கூடுதலாக, மொத்தம் 40. பணம் சம்பளத்தில் 55 சதவீதம்தான் வரும், அதற்கு இப்போதே சேர்த்து வையுங்கள். ஒன்டாரியோவில் சின்னப் பிள்ளைகளோடு பெற்றோர் வந்து கூடும் எர்லிஆன் மையங்கள் என்று இருக்கின்றன. பிறந்ததிலிருந்து ஆறு வயது வரை, இலவசம். பிள்ளைக்கு அங்கே ஒன்றும் புரியாது, போவது உங்களுக்காக. மனம் ரொம்பத் தாழ்ந்தால் எந்த நேரமும் 988 என்ற உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.


நல்லூர்வீதி | செப்டம்பர் 24, காலை 7:05

மார்கழிநிலா, என் குஞ்சு, கதவு வரை போய்த் திரும்பி வந்தீர்களே, அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். உங்கள் நம்பரைத் தனிமடலில் அனுப்புங்கோ. இந்த மார்கழியில் தினம் மாலை நாலரைக்கு நான் போன் எடுப்பேன்.


வைகைக்கரை | செப்டம்பர் 25, இரவு 9:20

நேற்று இரவு நானும் கணவரும் இதை முழுதும் சேர்ந்து படித்தோம். மார்கழிநிலா எழுதியதைப் படித்து முடித்ததும் அவர் எதுவும் பேசவில்லை. காலையில் பார்த்தால் விடுமுறைக் கணக்கை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறார்.

கடைசியாகக் குளியலும் சாம்பிராணியும். அம்மா கண்டிப்பாகக் கேட்பார்.


மலைக்கோட்டைஆச்சி | செப்டம்பர் 26, காலை 9:45

எண்ணெய் தேய்க்கலாம், கண்ணு. தேங்காய் எண்ணெய் நல்லது. மூக்கிலும் காதிலும் விடக்கூடாது. குளியலறைக் கதவைச் சாத்தி, கண்ணாடியில் ஆவி படியும் வரை அறையைச் சூடாக்கிவிட்டுத்தான் பிள்ளையை உரிக்க வேண்டும். தண்ணீரை முழங்கையில் பாருங்கள். இங்கே குழாயில் வரும் வெந்நீர் கையைச் சுடும், ஹீட்டரை 49 டிகிரிக்கு மேல் போகாமல் வைக்கச் சொல்லுங்கள். தினமும் தலைக்கு ஊற்றினால் அந்த வறண்ட காற்றில் தோல் உரிந்துவிடும், வாரம் இரண்டு மூன்று தடவை போதும். துடைத்த ஈரம் காய்வதற்குள் வாசலின் பூசிவிட்டால் தோல் பிளக்காது.

சாம்பிராணியை விட்டுவிடுங்கள். நான் போட்ட முதல் நாளே புகை அலாரம் அலறி, பிள்ளை வீல் என்று கத்தி, பக்கத்து வீட்டார் வெளியே வந்துவிட்டார்கள். புகை பிள்ளை நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டரும் சொன்னார். தலையைத் துணியால் ஒற்றிக் காயவைத்தாலே போதும். கடைக் கண்மையில் ஈயம் இருக்கலாமாம், அதையும் வைக்கவில்லை. வசம்பு உரைத்துக் கொடுப்பதையும் உரை மருந்தையும் அன்றோடு நிறுத்தினேன். என் அம்மா எனக்குக் கொடுத்தது, நான் மூன்று பேருக்குக் கொடுத்தது. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு வயது வரை தேனும் கூடாது.


தாமிரபரணி | செப்டம்பர் 26, இரவு 10:10

ஆச்சி சொன்ன வறட்சிக்கு இன்னும் ஒன்று. ஹீட்டர் ஓடும் வீட்டில் ஈரப்பதம் ரொம்பக் குறைந்துவிடும், பிள்ளையின் மூக்கு காய்ந்து அடைத்துப் பால் குடிக்கத் திணறும். 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். குளிர்ந்த ஆவி விடும் ஹ்யூமிடிஃபையர் வாங்குங்கள், கொதிக்கும் ஆவி வேண்டாம். தினம் கழுவ வேண்டும். ஜன்னலில் தண்ணீர் வழிந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு.

கர்ப்பத்தில் ஃப்ளூ ஊசி, கக்குவான் ஊசி இரண்டும் போட்டுக்கொள்ளுங்கள். கக்குவான் ஊசிக்கு 27 முதல் 32 வாரம் நல்ல நேரம். 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனை, நம்மவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது, தவறவிடாதீர்கள். குளிர்காலத்தில் சின்னப் பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் படுக்க வைப்பது பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. என்ற நெஞ்சுச்சளிக் கிருமி. 2024 இலையுதிர் காலத்திலிருந்து ஒன்டாரியோவில் எல்லாக் கைக்குழந்தைகளுக்கும் அதற்கான தடுப்பு மருந்து இலவசம், வீடு திரும்பும் முன்பே போட்டுவிடுவார்கள்.

இது ஒன்றை மனப்பாடம் செய்யுங்கள்: மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்கக் கூடாது. எத்தனை மணியானாலும், எவ்வளவு பனி கொட்டினாலும் நேராக எமர்ஜென்சி. மற்ற சந்தேகங்களுக்கு, போனில் நர்ஸிடம் கேட்கும் 811 எண்.


வைகைக்கரை | ஜனவரி 29, காலை 11:20

பதினாறு மாதம் கழித்து வருகிறேன். மகள் பிறந்து ஒன்பது வாரம்.

எனக்குச் சின்னம்மை எதிர்ப்பு இல்லை என்றுதான் ரத்தத்தில் வந்தது. இரண்டு ஊசியும் போட்டு, ஒரு மாதம் காத்திருந்தோம். 26ஆம் வாரத்தில் சர்க்கரை வந்தது, சோற்றைக் குறைத்து நடந்தே சமாளித்தேன். நவம்பரிலிருந்து வெளியே ஐஸ் என்பதால் மாலுக்குள்தான் நடை, செருப்பின் அடியில் முள் பட்டை மாட்டிக்கொண்டுதான் கார் வரை போவேன். மிட்வைஃப் இரண்டு பேர் பார்த்தார்கள். பிறந்த மூன்றாம் நாள் பனிப்புயல். வர மாட்டார் என்று நினைத்தேன். பூட்ஸில் பனியோடு வந்து நின்று, வாசலிலேயே கையை ஹீட்டரில் சூடாக்கிவிட்டுத்தான் பிள்ளையைத் தொட்டார்.

அம்மா அக்டோபரிலேயே வந்துவிட்டார். விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே ஆச்சியின் வேர்க்குருக் கதையைச் சொல்லிவிட்டேன். இப்போது இரவில் ஒவ்வொரு முறை பிள்ளை அசையும்போதும், விளக்கைப் போடாமல், பிடரியில் இரண்டு விரலை வைத்துப் பார்த்து "சரியாத்தான் இருக்கா, தூங்கு" என்கிறார். தூளி கட்டவில்லை. மடியில் போட்டு, எனக்குப் பாடிய தாலாட்டையே பாடுகிறார்.

மைனஸ் 31 அன்று முதல் தடவையாக வெளியே போனோம், எடை பார்க்க. கரிசல்காட்டான் அண்ணா, பட்டை இறுக்கியதும் என் கணவர் நாலு விரலையும் நுழைத்துப் பார்த்தார். ஒரு விரல்கூடப் போகவில்லை.

நல்லூர்வீதி அக்கா அனுப்பிய சரக்கில் இன்னும் பாதி இருக்கிறது. புதன்கிழமை தோறும் எர்லிஆன் போகிறேன், அங்கே ஒரு தமிழ்ப் பெண்ணைப் பார்த்தேன், ஆறு மாதக் கர்ப்பம், வந்து நாலு மாதம்தான் ஆகிறதாம். இந்த இழையின் முகவரியை அவருக்குக் கொடுத்திருக்கிறேன்.

மூன்று மாதம் வரைக்குமான நாலு மெரினோ உடுப்பு மகளுக்குச் சின்னதாகிவிட்டது. துவைத்து எடுத்து வைத்திருக்கிறேன்.


புதியவள் | ஜனவரி 29, இரவு 8:50

அக்கா, நான்தான். எர்லிஆனில் பார்த்தவள். பதினைந்தாம் பக்கத்தில் ஆரம்பித்து இப்போதுதான் முதல் பதிவு வரை படித்து முடித்தேன். எனக்கு ஏப்ரல் கடைசியில் தேதி. அந்த உடுப்பு எனக்கு வேண்டும். அந்த 811 எண்ணில் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாமா? என் மாமியார் மட்டும் வீட்டில் இருக்கும் நேரத்துக்குத்தான் கேட்கிறேன்.


தாமிரபரணி | ஜனவரி 30, காலை 6:20

கேட்கலாம். எடுத்ததும் "தமிழ்" என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள், காத்திருக்க வைத்து ஆளைச் சேர்ப்பார்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போதே அத்தையை ஒரு தடவை கூப்பிட வைத்துப் பழக்கிவிடுங்கள். ஏப்ரலில்கூட அங்கே பனி இருக்கும், உடுப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.